மறைந்த ஆசானின் பெயரை எங்கள் தியானக் குழுவுக்கு வைக்கலாமா?

சட்ட ஆலோசனை: வாசகர் கடிதத்துக்கு வழக்கறிஞரின் பதில்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்குச் சற்றுத் தொலைவில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் விரிவான கடிதம் எழுதியிருக்கிறார். (அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.) அவருடைய ஊரில் முதியவர் ஒருவர் பல ஆண்டுகளாக ஞாயிறுதோறும் காலையில் தம் வீட்டுத் திண்ணையில், வருகிறவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் தியானம் சொல்லிக்கொடுத்து வந்தார். ஊரார் அவரை ஆசான் என்றே அழைத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் மறைந்தார். அதன்பிறகும் முப்பது பேர் அளவில் வாசகசாலைக் கூடத்தில் தொடர்ந்து அமர்ந்து வருகிறார்கள். அவர்களில் தமிழ் விவசாயக் குடும்பத்தினர், அக்கம்பக்கத்து மலையாளிகள், எல்லை கடந்து பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், சில கிறிஸ்தவ, முஸ்லிம் நண்பர்கள் எல்லோரும் உண்டு.

இப்போது குழுவைப் பதிவு செய்ய வேண்டும், டிசம்பர் 21 அன்று ஒரு திருமண மண்டபத்தில் ஒரு நாள் மௌனத் தியான நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். உணவுச் செலவுக்கு ஆளுக்கு 200 ரூபாய் வாங்க எண்ணம். பெயரில்தான் சிக்கல். பெரும்பாலோர் ஆசானின் பெயரையே வைக்க விரும்புகிறார்கள். ஆசானின் மகன், பாலக்காடு நகரில் தந்தையின் பெயரில் கட்டண யோகா வகுப்பு நடத்துகிறவர், “அப்பாவின் பெயர் குடும்பச் சொத்து, என் அனுமதி இல்லாமல் யாரும் தொடக்கூடாது” என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். ஆழியாறில் பயின்ற உறுப்பினர்கள் ‘மனவளக்கலை தியான மன்றம்’ என்கிறார்கள். பத்து நாள் முகாமுக்குப் போய்வந்த ஒருவர் ‘விபஸ்ஸனா வட்டம்’ என்கிறார். இளைஞர்கள் சிலர் ‘சர்வதேசத் தியானப் பல்கலைக்கழகம்’ என்றும், வேறு சிலர் ‘சர்க்கரை, இரத்த அழுத்தம் நீக்கும் மந்திரத் தியான மையம்’ என்றால்தான் கூட்டம் வரும் என்றும் சொல்கிறார்கள். வாசகியின் சொந்த விருப்பம், அப்பகுதி ஆற்றின் பெயரில் ‘சோகநாசினி தியான வட்டம்’. கேரளத்தில் தமிழ்ப் பெயரைப் பதிவு செய்ய விடமாட்டார்கள் என்றும், எப்படியாவது ஒரு பெயரைப் பதிவு செய்துவிட்டால் பிறகு யாரும் அதைக் கேள்வி கேட்க முடியாது என்றும் அவரிடம் சிலர் சொல்லியிருக்கிறார்கள்.

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது, முப்பது பேர் ஒரு பெயருக்காக மனம் கசந்து பிரிந்துவிடக் கூடாதே என்ற உங்கள் கவலைதான் முதலில் கண்ணில் பட்டது. அந்தக் கவலை நியாயமானது. பெயர்த் தகராறு காரணமாக நல்ல குழுக்கள் உடைந்திருக்கின்றன. ஆனால் உங்கள் விஷயத்தில் சட்டம் நீங்கள் அஞ்சுகிற அளவுக்கு எதிராக இல்லை; உங்களுக்குச் சொல்லப்பட்ட அளவுக்கு ஆதரவாகவும் இல்லை. நீங்கள் யார், எந்த ஊரில் அமர்கிறீர்கள் என்பதைச் சொல்லும் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பிறருடைய மரபைத் தம்முடையதாகக் காட்டும் பெயரையும், உங்களால் காப்பாற்ற முடியாத வாக்குறுதியைத் தரும் பெயரையும் விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. ஏன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஆசானின் பெயரில் யாருக்கு என்ன உரிமை?

தந்தையின் பெயர் குடும்பச் சொத்து என்று மகன் சொல்வது, அந்த வடிவில், சரியல்ல. நிலத்தையும் வீட்டையும் போல ஒருவருடைய பெயரும் புகழும் வாரிசுகளுக்கு இறங்கிவரும் என்ற கருத்தை நம் நீதிமன்றங்கள் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. மறைந்த முதல்வர் ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தொடுத்த வழக்கில், ஒருவர் வாழ்நாளில் பெற்ற தனியுரிமையும் நற்பெயரும் அவருடைய மறைவோடு முடிகின்றன, அவை வாரிசுக்குச் சொத்தாகப் போவதில்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் கூறியது. அந்தத் தீர்ப்பு கேரள நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும் இப்படிப்பட்ட கேள்வி எழும்போது எடுத்துக்காட்டப்படும். ஆகவே மகன் என்ற உறவு ஒன்றை மட்டும் காட்டி, நீங்கள் ஆசானின் பெயரை நன்றியோடு சொல்வதை அவர் தடுக்க இயலாது.

இதைக் கேட்டு மகிழ்ந்து, உடனே அந்தப் பெயரை எழுதிவிடாதீர்கள். மகனுக்கு வேறொரு வழியில் உரிமை இருக்கக்கூடும், அது பிறப்பால் வருவதல்ல, பயன்பாட்டால் வருவது. அவர் தந்தையின் பெயரில் வகுப்பு நடத்துகிறார். அந்தப் பெயரைக் கேட்டு மாணவர்கள் வருகிறார்கள். ஒரே மாவட்டத்தில், அதே பெயரில், அதே வகையான பயிற்சியை நீங்களும் நடத்தினால், உங்கள் நிகழ்ச்சியை அவருடையது என்று மக்கள் தவறாக நினைக்க வாய்ப்புண்டு. ஒருவர் தம் சேவையை இன்னொருவருடையது போலக் காட்டிக்கொள்வதைத் தடுக்க வழக்குத் தொடரும் உரிமையை, பதிவு செய்யப்படாத பெயருக்கும்கூட, 1999-ஆம் ஆண்டு வணிகக்குறி (டிரேட்மார்க்) சட்டத்தின் 27-ஆம் பிரிவு காப்பாற்றி வைத்திருக்கிறது. உங்களுக்கு ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை என்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் இத்தகைய வழக்கில் உங்கள் எண்ணத்தைவிட மக்கள் மனத்தில் குழப்பம் உண்டாகுமா என்பதே முதன்மையாகப் பார்க்கப்படும்.

“ஆசான் இருந்த காலத்திலேயே நாங்கள் அமர்ந்து வருகிறோம், மகன் வகுப்பு தொடங்கியது பிற்பாடுதானே” என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. முன்பிருந்தே பயன்படுத்தி வந்தவருக்குச் சட்டத்தில் உண்மையிலேயே மேலான இடம் உண்டு. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வாவின் பெயர் குறித்த வழக்கில், பதிவு பெற்றவரின் உரிமையைவிட முன்பிருந்தே அந்தப் பெயரைப் பயன்படுத்தி வருகிறவரின் உரிமை மேலானது என்ற கொள்கையை உச்சநீதிமன்றம் 2015-இல் உறுதிசெய்தது. ஆனால் நீங்கள் இத்தனை ஆண்டும் பெயர் எதையும் பயன்படுத்தவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ‘ஞாயிற்றுக்கிழமை வகுப்பு’ என்றுதான் பேச்சு வழக்கு. அப்படியிருக்க, ஆசானின் முழுப்பெயரைக் குழுவின் பெயராக நீங்கள் முன்பே பயன்படுத்தினீர்கள் என்று காட்டுவது கடினம். அழைப்பிதழ், துண்டறிக்கை, நன்கொடை ரசீது என்று ஏதேனும் பழைய காகிதம் இருந்தால் நிலைமை மாறும், தேடிப் பாருங்கள்.

வணிகக்குறியாகப் பதிவு செய்ய நினைத்தால் இன்னொரு தடையும் குறுக்கே வரும். அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, உயிரோடு இருப்பவருடனோ, விண்ணப்ப நாளுக்கு முந்தைய 20 ஆண்டுகளுக்குள் இறந்தவருடனோ தொடர்பு இருப்பதாகத் தவறாக உணர்த்தும் ஒரு குறிக்கு விண்ணப்பம் வந்தால், அவருடைய அல்லது அவருடைய சட்டப்பூர்வப் பிரதிநிதியின் எழுத்துமூல ஒப்புதலைப் பதிவாளர் கேட்கலாம். அது வராவிட்டால் விண்ணப்பத்தை மேற்கொண்டு நடத்த மறுக்கலாம். உங்கள் தொடர்பு உண்மையானதுதான் என்று நீங்கள் வாதிடலாம். ஆனால் ஆசான் மறைந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருக்கும் நிலையில், குடும்பத்தின் கையெழுத்து இல்லாமல் அந்த வாதத்தைத் தொடங்க நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்தப் பிரிவு மகனுக்கும் பொருந்தும். அவர் விண்ணப்பித்தாலும் மற்ற வாரிசுகளின் ஒப்புதல் கேட்கப்படலாம். ஆசானுக்கு ஒரு மகளும் இருப்பதாகவும், அவர் உங்கள் குழுவுக்கு வந்து அமர்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மகன் ஒருவர் மட்டுமே குடும்பம் என்று நீங்களாக முடிவு செய்துகொள்ள வேண்டாம்.

பெயரைவிட அவசரமாகக் கவனிக்க வேண்டிய ஒன்றை உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள்: கைபேசியில் பதிவு செய்துவைத்த ஆசானின் உரைகளை மண்டபத்தில் ஒலிபரப்பப் போகிறீர்கள். பெயர் வாரிசுக்கு இறங்காது, பதிப்புரிமை இறங்கும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி பொதுமக்கள் முன் நிகழ்த்திய உரையின் முதல் உரிமையாளர் அதைப் பேசியவரே. எழுத்துப் படைப்புகளுக்கு ஆசிரியர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கிறது. அது அவருடைய வாரிசுகள் அனைவரையும் சேரும். உங்கள் கைபேசியில் நீங்களே பதிவு செய்தது என்பதால் உரையின் உரிமை உங்களுடையதாகிவிடாது. எனவே இந்த உரைகளுக்கு மகன், மகள் இருவரிடமும் எழுதி வாங்குங்கள்.

கற்ற பயிற்சியின் பெயர்

மனவளக்கலை என்ற பெயர் வேதாத்திரி மகரிஷி (1911–2006) வகுத்தளித்த பயிற்சி முறையோடு தமிழர் மனத்தில் பிணைந்துவிட்டது. அவருடைய அமைப்பின் ஆழியாறு அறிவுத் திருக்கோயில் உங்கள் ஊரிலிருந்து எட்டாத தூரத்தில் இல்லை. ‘மனவளக்கலை தியான மன்றம்’ என்ற பலகையைப் பார்ப்பவர் அதை அந்த அமைப்பின் கிளை என்றுதான் எண்ணுவார். அங்கே பயின்ற உறுப்பினர்களுக்கு அந்தப் பயிற்சியைத் தம் வாழ்வில் கடைப்பிடிக்க எல்லா உரிமையும் உண்டு. அந்தப் பெயரில் தனி அமைப்பு நடத்தும் உரிமை அதிலிருந்து தானாக வருவதில்லை. அப்படி நடத்த விரும்பினால் அந்த அமைப்பிடமே நேராகக் கேட்டு, அவர்கள் முறைப்படி இணைந்து நடத்துவதே நேர்மையான வழி. உங்கள் குழுவில் பல வழிகளில் பயின்றவர்கள் இருப்பதால் அது பொருந்தாது என்றே தோன்றுகிறது.

விபஸ்ஸனாவின் நிலை சற்று வேறு. அது பழைய பாலிச் சொல். பௌத்தத் தியான மரபு முழுவதற்கும் பொதுவானது. யாரும் அதைத் தனக்கு மட்டும் உரியது என்று சொல்ல முடியாது. ஆனால் நம் நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்பவர்களில் பலர், எஸ்.என். கோயங்கா 1969-இல் இந்தியாவில் தொடங்கிவைத்த பத்து நாள் முகாம்களைத்தான் நினைக்கிறார்கள். அந்த முகாம்களுக்குக் கட்டணம் கிடையாது; முன்பு பயின்றவர்கள் தரும் நன்கொடையில் நடக்கின்றன; அந்த மரபில் நியமிக்கப்பட்ட ஆசிரியரே நடத்துவார். ஒரே நாளில், 200 ரூபாய் வாங்கிக்கொண்டு, அந்த மரபின் ஆசிரியர் எவரும் இல்லாமல் நடக்கும் நிகழ்ச்சிக்கு இந்தப் பெயரை வைத்தால், வருகிறவர் எதிர்பார்ப்பது ஒன்று, கிடைப்பது வேறொன்று என்றாகும். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் செய்துவிட வேண்டியதில்லை.

தியான அமைப்புகளின் பெயர்கள் உலகெங்கும் நீதிமன்றம் ஏறியிருக்கின்றன. பரமஹம்ச யோகானந்தர் அமெரிக்காவில் நிறுவிய ‘செல்ஃப் ரியலைசேஷன் ஃபெலோஷிப்’, தன்னிடமிருந்து தனியே வளர்ந்த இன்னோர் அமைப்பின் மீது வழக்குத் தொடுத்தபோது, ‘செல்ஃப் ரியலைசேஷன்’ என்பது இத்தகைய அமைப்புகளின் வகையைக் குறிக்கும் பொதுச்சொல், அதை ஒருவர் தனியுடைமை ஆக்க முடியாது என்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995-இல் கூறியது. ஓஷோ என்ற பெயரின் கதை இன்னும் சிக்கலானது: தில்லியைச் சேர்ந்த ஓஷோ அன்பர்களின் எதிர்ப்பை ஏற்று அமெரிக்க வணிகக்குறித் தீர்ப்பாயம் 2009-இல் அந்தப் பெயரின் பதிவுகளை நீக்கத் தீர்ப்பளித்தது, ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றமோ 2017-இல் அங்குள்ள பதிவு செல்லும் என்றது. ஒரே ஆசிரியர், ஒரே பெயர், இரண்டு இடங்களில் இரண்டு முடிவுகள். ஒரு குருவைப் பின்பற்றியவர்களே அவருடைய பெயருக்காகப் பல ஆண்டுகள் எதிரெதிராக நின்றார்கள் என்பதுதான் இதில் எனக்கு வருத்தம் தருவது. உங்கள் ஆசானின் பெயருக்கு அந்த நிலை வரவேண்டாம்.

வேண்டாத இரண்டு யோசனைகள்

‘பல்கலைக்கழகம்’ என்ற சொல்லை இன்றே கைவிடுங்கள். சட்டப்படி நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் தவிர வேறு எந்த நிறுவனமும் தன் பெயரில் அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடை செய்கிறது.

நோய் நீக்கும் பெயர் அதைவிட ஆபத்தானது. 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தில் ‘மாயத் தீர்வு’ என்பதன் விளக்கத்திலேயே தாயத்து, கவசம் ஆகியவற்றோடு மந்திரமும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. சட்டத்தின் அட்டவணையில் உள்ள நோய்களில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. இத்தகைய நோய்களைக் குணப்படுத்தும் என்று மாயத் தீர்வு ஒன்றை விளம்பரம் செய்தால், முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். பெயர்ப்பலகையும் துண்டறிக்கையும் விளம்பரமே. “பெயரில்தானே போட்டோம், மருந்து எதுவும் கொடுக்கவில்லையே” என்ற பதில் எடுபடாது.

சட்டத்துக்கு அப்பால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பெயரை நம்பி வரும் ஒரு முதியவர் இன்சுலினை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று உங்கள் நண்பர்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். தியானத்தால் உங்களில் சிலருக்கு மன அமைதியும் நல்ல உறக்கமும் கிடைத்திருக்கலாம். அதை நேர்ப்பேச்சில் பகிர்ந்துகொள்ளுங்கள். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும் என்ற வரியை நிகழ்ச்சி அறிவிப்பில் சேர்த்துவிடுங்கள்.

இறைவன் பெயரையோ புனித நூலின் பெயரையோ வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வைக்கலாம், தனியுரிமை மட்டும் எதிர்பார்க்க முடியாது. ‘ராமாயண்’ என்ற பெயரை ஊதுபத்திக்குத் தனியுடைமை ஆக்க முயன்ற வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் தம் பொருளுக்கான வணிகக்குறியாகத் தனக்கென உரிமை கொண்டாட முடியாது என்று உச்சநீதிமன்றம் 2015-இல் கூறியது. உங்கள் கூடத்தில் மூன்று சமயத்தவர் ஒன்றாக அமர்கிறார்கள் என்பதால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

சோகநாசினி

உங்கள் பகுதியில் ஓடும் சித்தூர்ப் புழைக்கு (ஆற்றுக்கு) சோகநாசினி என்ற பெயர் வழங்குவதையும், மலையாளக் கவி துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக்காலத்தை அதன் கரையில் உள்ள குருமடத்தில் கழித்ததாக மக்கள் நம்பிவருவதையும் நீங்கள் எனக்கு விளக்க வேண்டியதில்லை. இந்தப் பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. தமிழர், மலையாளி இருவருக்கும் நாவில் தடையின்றி வரும். எந்தச் சமயத்தவரையும் வெளியே நிறுத்தாது. எந்தக் குருவின் பெயரையும் எடுத்துக்கொள்ளாது. உங்கள் மண்ணைச் சொல்கிறது. கோவைக்காரர் ஒருவர் கேட்டாலும் நீங்கள் எந்தப் பகுதியினர் என்று புரிந்துகொள்வார்.

இதற்கும் ஒரு குறை உண்டு. இடத்தையும் ஆற்றையும் குறிக்கும் பெயருக்கு வணிகக்குறிச் சட்டத்தில் பாதுகாப்பு வலுவாகக் கிடைப்பதில்லை. நாளை சித்தூரில் வேறு ஒருவர் சோகநாசினி யோகா நிலையம் என்று தொடங்கினால் அவரை எளிதில் தடுக்க முடியாது. எனினும், ஞாயிற்றுக்கிழமை இலவசமாக அமரும் ஒரு குழுவுக்கு அடுத்தவரைத் தடுக்கும் ஆற்றல் எதற்கு? உங்களை யாரும் தடுக்க முடியாத பெயர் கிடைத்தால் போதும். அது இங்கே கிடைக்கிறது. ஊரின் பெயரையும் சேர்த்து ‘சோகநாசினி தியான வட்டம்’ என்பதன்பின் எழுதிக்கொண்டால் குழப்பத்துக்கு இடமே இருக்காது. ஒரே ஓர் எச்சரிக்கை: துண்டறிக்கையில் “பெயருக்கு ஏற்ப உங்கள் மன நோயை நாசம் செய்யும்” என்று யாராவது அடைமொழி சேர்த்தால், மேலே சொன்ன சிக்கல் பின்வாசல் வழியாக வந்துவிடும்.

ஆசானின் பெயர் பலகையில் இல்லாவிட்டால் நன்றி மறந்ததாகும் என்று உங்கள் குழுவில் சிலர் வருந்துவதாக எழுதியிருக்கிறீர்கள். நம்மிடையே இரண்டு வழக்கமும் இருந்திருக்கின்றன. 1903-இல் கேரளத்தில் உருவான ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் குருவின் பெயரைத் தாங்கியது. அப்போது நாராயண குருவே உடனிருந்து அதற்குத் தலைமை ஏற்றார். வள்ளலாரோ 1865-இல் தொடங்கிய சங்கத்துக்குத் தம் பெயரை வைக்கவில்லை. கொள்கையையே பெயராக்கிச் சமரச வேத சன்மார்க்க சங்கம் என்றார். 1872-இல் அதையும் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என்று மாற்றினார். சங்கத்தின் பெயரில் தம் பெயர் இல்லாததால் வள்ளலாரை யாரும் மறந்துவிடவில்லை. உங்கள் அமைப்புவிதிகளின் முதல் பத்தியில், இந்த வட்டம் இன்னாரிடம் பயின்றவர்களால் தொடங்கப்பட்டது என்று ஆசானின் பெயரை முழுதாக எழுதுங்கள். அது உண்மை நிகழ்வைச் சொல்லும் வாக்கியம். அதை எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பதிவு எதைத் தரும், எதைத் தராது

கேரளத்தில் தமிழ்ப் பெயரைப் பதிவு செய்ய முடியாது என்பது தவறான தகவல். சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவில் இருக்கிறது; மொழியையும் பண்பாட்டையும் காத்துக்கொள்ளும் உரிமை 29-ஆம் பிரிவில் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிகள் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடும், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களோடும் தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. ஆயினும் அன்றாட வேலை எளிதாக நடக்க, பெயரைத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்று எழுத்துகளிலும் தீர்மானத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். சோகநாசினி என்பதன் முதல் எழுத்தை ஆங்கிலத்தில் ஓர் எழுத்தாக எழுதுவதா, இரண்டெழுத்தாக எழுதுவதா என்பது சிறிய விஷயமாகத் தோன்றும். பதிவுச் சான்றிதழில் ஒரு விதமாகவும், பான் அட்டையில் வேறு விதமாகவும் அமைந்துவிட்டால் வங்கிக் கணக்கு தொடங்கும்போது அலைய வேண்டியிருக்கும்.

எந்தச் சட்டத்தின்கீழ் பதிவு என்பதில் உங்கள் பகுதிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பழைய மலபார் பகுதிக்கு 1860-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டமும், பழைய திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதிக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. பாலக்காடு மலபாரில் இருந்தது. சித்தூரோ கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. மாவட்டத் தலைநகரில் உள்ள நண்பரின் சங்கப் படிவத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிடாமல், உங்கள் கிராமத்துக்கு எது பொருந்தும் என்று மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டிலும் குறைந்தது ஏழு பேர் வேண்டும்.

பதிவு செய்துவிட்டால் பெயரை யாரும் கேள்வி கேட்க முடியாது என்ற நம்பிக்கைதான் உங்களுக்குச் சொல்லப்பட்டவற்றில் மிகவும் தீங்கானது. சங்கப் பதிவு உங்கள் குழுவுக்குச் சட்டப்பூர்வமான ஓர் அமைப்பைத் தருகிறது; பெயர்மீது தனியுரிமையைத் தருவதில்லை. எல்லைக்கு அப்பால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் வேறொரு பதிவேடு இருக்கிறது. அங்கே அதே பெயரில் ஒரு சங்கம் இருந்தால் கேரளப் பதிவாளருக்கு அது தெரிய வழியில்லை. இணைய முகவரியை விலைக்கு வாங்கிவிட்டால் பெயர் உங்களுடையது என்பதும் அப்படித்தான்.

நாடு முழுவதற்கும் செல்லுபடியாவது வணிகக்குறிப் பதிவு. கேரளம், தமிழ்நாடு இரண்டுக்கும் சென்னை அலுவலகமே. பொருள்களையும் சேவைகளையும் பதிவுக்காகப் பிரித்திருக்கும் வகுப்புகளில், பயிற்சி நடத்துவது போன்ற சேவைகள் 41-ஆம் வகுப்பில் வரும். சங்கம் இணையவழியில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 9,000 ரூபாய் கட்டணம். கிடைத்தால் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். உங்கள் குழுவுக்கு இது இப்போது தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் அந்தப் பதிவேட்டில் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். அதை அவசியம் செய்யுங்கள். ‘சோகநாசினி’யை ஒலி ஒத்த எழுத்துக்கூட்டல்களிலும் தேடி, அன்றைய தேதியோடு பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். நாளை யாரேனும் கேட்டால், நல்லெண்ணத்தோடு விசாரித்த பிறகே பெயர் வைத்தீர்கள் என்பதற்கு அது சான்று.

டிசம்பர் 21 நிகழ்ச்சி

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2024 டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி டிசம்பர் 21 உலகத் தியான தினம். அந்தத் தினத்தின் பெயரை நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ஐக்கிய நாடுகளின் சின்னத்தைப் பதாகையில் போடவோ, அதன் ஆதரவோடு நடப்பது போன்ற தலைப்பை வைக்கவோ கூடாது. அரசின் பெயரையும் சின்னத்தையும் போலவே அதுவும் 1950-ஆம் ஆண்டுச் சின்னங்கள் மற்றும் பெயர்கள் (முறையற்ற பயன்பாட்டுத் தடுப்பு) சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. ‘உலகத் தியான தினம்: சோகநாசினி தியான வட்டத்தின் ஒரு நாள் மௌன அமர்வு’ என்ற தலைப்பு போதும். 200 ரூபாய் உணவுக்கு மட்டுமே என்பதை அதன் கீழேயே எழுதிவிடுங்கள்.

அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது, பெயர் குறித்த கூட்டத்தைக் கூட்டுவதற்கு முன் ஆசானின் மகனையும் மகளையும் நேரில் போய்ப் பார்ப்பது. தொலைபேசி வேண்டாம். குழுவில் வயதில் மூத்தவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஆசானின் பெயரைக் குழுவின் பெயராக வைக்கப் போவதில்லை, அமைப்புவிதிகளில் நன்றியாகக் குறிப்பிடப் போகிறோம், உரைப் பதிவுகளை அந்த ஒரு நாள் ஒலிபரப்ப ஒப்புதல் வேண்டுகிறோம் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி, இருவரிடமும் கொடுங்கள். உரைகளுக்கு மகன் ஒப்பாவிட்டால் அந்த நாளில் ஒலிபரப்பாமல் விட்டுவிடுங்கள். ஆசானிடம் கற்றதை உங்களில் ஒருவரே சொல்லி அமர்வை நடத்தலாம். மகனும் மகளும் ஒப்பினால் கையெழுத்துப் போட்ட நகலை வாங்கிக்கொண்டு, பெயர்த் தீர்மானத்தோடு சேர்த்து வைத்த பிறகு, பதிவாளர் அலுவலகத்துக்குப் போகலாம். ஏதேனும் அறிவிப்புக் கடிதம் யாரிடமிருந்தாவது வந்தால், பதில் எழுதுவதற்கு முன் அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.